இருநூற்றுப் பதினான்கு கிராம்

மீன்பெட்டியை அறுத்தால் விமானம் வரும்.
சுபோதினி நம்பவில்லை.
ஐஸ்வாடிக்காரர் நம்பினார்:
மூலை உடைந்த ரெஜிபோம் பெட்டிகள் இரண்டு,
காசு வாங்கவில்லை.
மூன்று இரவு உப்புத்தாளால் தேய்த்தேன்.
பாரைமீன் வாசம் இன்னும் இறக்கையில்.

முதுகெலும்புக்குச் சைக்கிள் கம்பி.
சில்லுக் கிடையாது, இறங்குவது வயிற்றால், புல்லில்.
பசைத் துவக்கு இரண்டு தரம் விரலைச் சுட்டது.
கடை பூட்டிய பிறகு
மருந்து நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தேன்.
இருநூற்றுப் பதினான்கு கிராம்,
பற்றரியோடு.

சிறகின் அடியில் இரண்டு சுட்டுவிரல் கொடுத்துத் தூக்க
வால் கனத்துத் தொங்கியது.
மூக்கில் ஐந்து ரூபாக் குற்றி ஒட்டினேன்.
இந்த ஊரில் சமநிலைக்கு
ஐந்து ரூபாதான் விலை என்று
யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது.

ஞாயிறு விடிந்து கொஞ்ச நேரம்.
இரவெல்லாம் தரையிலிருந்து கடலுக்குப் போன காற்று ஓய்ந்து,
கடலிலிருந்து வரவேண்டியது
இன்னும் புறப்படாத அரைமணி.
கோட்டைக்குப் போகிற வழியில், வெட்டையில்,
நானும் சப்றானும் மான்களும்.
எறியாதே, விடு என்று சொல்லியிருந்தேன்,
நிரம்பிய தேத்தண்ணிக் கோப்பையை
நீட்டுகிற மாதிரி.

விட்டான்.
முழங்கால் உயரத்தில் யோசித்துக்கொண்டே போய்
வேலிக்குப் பத்தடி இருக்கையில்
ஏறுவதென்று முடிவெடுத்தது.

நடக்கிற வேகம்தான்.
நான் கீழே நடந்தே போனேன்.
அதன் நிழல் மட்டும் எங்கோ தெருவுக்கு அப்பால்
ஒரு முச்சக்கரவண்டியின் முதுகில்.
வலது பெருவிரல் நினைப்பது
ஒரு மூச்சு கழித்து வானத்தில் நடக்கும்.
அந்த ஒரு மூச்சுக்காகத்தான் இவ்வளவும்.

அப்பால் போகையில் இடம் இடமே.
திரும்பி என் முகத்துக்கு வருகையில்
இடம் வலமாகிவிடும்.
மூளைக்கு இது தெரியும், விரலுக்குத் தெரியாது.
போன கிழமை ஒரு வேப்பமரம்
விரலுக்கு விளங்கப்படுத்தியது.

காகங்கள் மூன்று வந்தன,
மீன் வாசத்துக்கோ, சொந்தம் விசாரிக்கவோ.
முந்திப் போய், திரும்பிப் பார்த்து,
பொறுமை கெட்டுப் போய்விட்டன.
மான்கள் தலை தூக்கவே இல்லை.

சிப்பாய் ஒருவன் வந்தான்.
'கமறா?'
'இல்லை.'
'எவ்வளவு தூரம் போகும்?'
'என்ர கண் போற தூரம்.'
பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தான்.
வானத்தில் இரைச்சல் கேட்டால்
மேசைக்கடியில் புகுந்த வயது எனக்கொன்று இருந்தது.
இது இரண்டு வீடு தள்ளி
யாரோ சட்டை தைக்கிற சத்தம்.

அப்போது கடல்காற்று எழும்பியது.
விமானம் அதற்கு நேரே முகம் கொடுத்து
நின்றது.
விசிறி சுற்ற, சிறகு தாங்க,
விளக்குக் கம்பத்துக்கு மேலே
முன்னும் இல்லை பின்னும் இல்லை.
பிறகு மெல்ல, மிக மெல்ல,
பின்னோக்கிப் போகத் தொடங்கியது.
சப்றான் சிரித்துச் சிரித்துப் புல்லில் குந்திவிட்டான்.
சிப்பாய் தொப்பியைக் கழற்றித்
தலையைச் சொறிந்தான்.

விசையைக் குறைத்தேன்.
படி படியாய் இறங்கியது,
அடுத்த படி இருக்கிறதா என்று
காலால் தடவுகிறவர் போல.
இடக்கையை நீட்டினேன். வந்து உட்கார்ந்தது:
பற்றரியின் வெதுவெதுப்பு,
நின்ற பிறகும் ஓயாத ஒரு சிறு நடுக்கம்
(அதனுடையதா என்னுடையதா தெரியவில்லை).

எட்டரைக்குக் கடை திறந்தேன்.
முதல் வந்தவர் பனடோல் ஒரு காட் கேட்டார்,
என் விரலில் காய்ந்த பசையைப் பார்த்தார்,
மூக்கைச் சுருக்கினார்.
'காலமையே மீன் வாங்கிப் போட்டீங்களோ?
என்ன மீன்?'

'பாரை' என்றேன்.