பதினேழு

நீடாமங்கலம், உரக்கடை மேல்மாடி.
யூரியா வாடை படியேறி வந்து
மடிக்கணினியின்மேல் உட்கார்ந்துகொள்ளும்.
அங்கேதான் நானும் செங்கொடியும்
திரைகள் வரைய ஒரு நூலகம் எழுதினோம்.
நூலகம் என்றதும் வீட்டுக்காரர் கேட்டார்:
தினத்தாள் வருமா?

முதல் நாளே சுவரில் ஒட்டினாள் ஒரு சீட்டு:
எதையும் திருத்தாதே. புதிதாகச் செய்.

நிலை ஒன்று.
அதை வாங்கித் திரையைத் தரும் சார்பு ஒன்று,
பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில்
விட்டுவிட்டு வந்தோமே, அதே சார்பு.
அதே நிலை கொடுத்தால் அதே திரை,
ஆடியிலும் தையிலும்,
அவள் கொடுத்தாலும் நான் கொடுத்தாலும்.

பொத்தான் தன் நிறத்தைத் தானே மாற்றிக்கொள்ளாது.
பெட்டி, பக்கத்துப் பெட்டியின் சட்டையைப் பிடிக்காது.
அழுத்தினால் ஒரு செய்தி மட்டும் மேலே போகும்:
அழுத்தப்பட்டேன்.
அதற்குமேல் அதற்கு வாயில்லை.

மூணாறு தலைப்பில் நின்று பார்த்தவர்களுக்கு
இதை விளக்க வேண்டாம்.
தண்ணீர் கீழே வரும். மனு மேலே போகும்.
கடைமடை வாய்க்கால் தானே ஷட்டரைத் தூக்கிக்கொண்டதாக
எந்தப் பாசனப் பதிவேட்டிலும் இல்லை.

செங்கொடி சிரித்தாள்:
ராத்திரியில் தூக்குவார்கள்,
பதிவேட்டில்தான் இல்லை.
அதற்குப் பெயர் பக்கவிளைவு.

தை கடைசியில்
எங்கள் திரை கொள்முதல் நிலையத்துக்குப் போனது.
ஈரப்பத மானி நொடிக்கொரு எண் அனுப்பும்,
அது மேலே ஓடும்.
கீழே, பட்டியல் பெட்டியில்,
முடிவான எண்ணை எழுத்தர் அடிப்பார்.
ஒவ்வொரு எண்ணுக்கும் புது நிலை,
ஒவ்வொரு நிலைக்கும் புதுத் திரை,
கறையில்லாமல், நாங்கள் நினைத்தபடியே.

சாயங்காலம் பட்டியல் எழுத்தர் ஜபருல்லாவின் போன்.
பதினேழு அடிக்கிறேன்,
எழுபத்தொன்று விழுகிறது.
எழுபத்தொன்று ஈரம் என்றால் அது நெல்லில்லை தம்பி,
குளம்.

பின்னணியில் டிராக்டர் உறுமியது.
யாரோ மழை வருது என்றார்கள்.

கிளம்பினால் ரயில்வே கேட் மூடியிருந்தது.
முப்பத்தைந்து நிமிடம்.
பஸ், நெல் லாரி, பால் கேன் வண்டி, நான்,
வந்த வரிசையில் நின்றோம், நிகழ்வுகள் மாதிரி.
சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தபோது
பிடிபட்டது.

அவர் ஒன்றை அடிக்கிறார்.
மானி ஓர் எண் அனுப்புகிறது.
நாங்கள் பெட்டியை இடித்து
அதே இடத்தில் அதே பெட்டியைக் கட்டுகிறோம்.
எழுத்து இருக்கிறது, நிறம் இருக்கிறது, ஓரக்கோடு கூட.
ஒன்றுக்குப் பின்னால் நின்ற கர்சர் மட்டும்
புது வீட்டில் வாசற்படியிலேயே நிற்கிறது.
ஏழு, ஒன்றுக்கு முன்னால் போய் விழுகிறது.

எல்லாமே நிலையில் இருக்கிறது என்றோமே,
அவர் விரல் அதில் இல்லை.
பாதி அடித்த எண்ணுக்கு எங்களிடம் ஒரு வகை இல்லை.
எண்கள் முழுசாகவே பிறக்கும்
என்று நினைத்திருக்கிறோம்.

அன்று இரவு செங்கொடி சீட்டைக் கிழிக்கவில்லை.
அடியில் இன்னொரு வரி சேர்த்தாள்:
பெயருள்ளதை இடிக்காதே.

குறுவை அறுத்துச் சம்பா நட்டாலும்
வயலின் புல எண் அதேதான்.
ஒவ்வொரு பெட்டிக்கும் அப்படி ஓர் எண் கொடுத்தோம்.
பழைய மரத்தையும் புதிய மரத்தையும்
கிளை கிளையாக ஒப்பிட்டு,
எண் ஒத்துப்போனால் இருந்த இடத்திலேயே விட்டு,
மாறினதை மட்டும் மாற்றினோம்.

மாற்றினோம்.
சொன்னதும் இருவரும் சுவரைப் பார்த்தோம்.
உள்ளே ஒரே ஓர் இடத்தில், முப்பது வரிக்குள்,
திருத்துகிறது எங்கள் நூலகம்.
யாருக்கும் தெரியாமல், ராத்திரி ஷட்டர் போல.

மறுநாள் காலை ஜபருல்லா கூப்பிடவில்லை.
பத்து மணிவரை கூப்பிடவில்லை.
அதைவிட நல்ல சேதி
எங்கள் தொழிலில் வருவதில்லை.

மத்தியானம் கூப்பிட்டார்.
பதினேழு பதினேழாகத்தான் விழுகிறது.
ஆனால் அந்தப் பச்சைப் பொத்தான்
வெயிலில் கண்ணுக்கே தெரியலை தம்பி.

செங்கொடி பேனாவைத் திறந்து
ரொம்ப நேரம் மூடாமல் இருந்தாள்.
வெயிலை எந்த நிலையில் வைப்பது?