புகைக்கு உண்டான காசு

சிவகாசியில் அச்சு.
ரசீதில் ஆறு நிறம், கைக்கு வந்தது நாலு.
குளச்சல் சண்டை, முழுத்தாள், சட்டம் தனி.
விலை ஐந்து ரூபாய்,
பாதி முன்பணம், மீதி படத்தைப் பார்த்தபின்.

கையெழுத்துப் போட்டவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர்.
படம் வரப் பதினேழு மாதம்.
அதற்குள் ஒன்பது பேர் செத்தார்கள்.
ஒருவர் மலேயாவுக்குக் கப்பலேறினார்.
நம் வரிப்பணம் திருவனந்தபுரம் போவதை நிறுத்தி
சென்னைக்குப் போகத் தொடங்கியது.
"இனி ராஜா படத்த எந்தச் சுவருல மாட்டதுக்கு?"
என்று கதவைச் சாத்தினார்
தேசபக்தியில் முதல் கையெழுத்திட்ட
தக்கலை வக்கீல்.

தகரக் குழாய் தோளில் தொங்க
இரணியல், திங்கள்சந்தை என்று அலைந்தேன்.
படத்தோடு ஓர் எண்தாள் உண்டு:
ஆட்களின் வெறும் கோட்டுருவம்,
தலைக்கு மேல் எண், அடியில் விவரம்.
ஒன்று, ராஜா.
இரண்டு, வாளை நீட்டி மண்டியிடும் லந்தக்காரன்.
மூன்று முதல் பதினாலு வரை படைத்தலைவர்கள்.
பதினைந்து, குதிரை.

ஜனங்கள் படத்தைப் பார்ப்பதில்லை,
எண்தாளைத்தான் பார்க்கிறார்கள்.
"எங்க காரணவரு எத்தனாவது நம்பரு வோய்?"
என்றார் மாதேவன் தம்பி.
இல்லை என்றால் மீதி இரண்டரை வராது.
பதினொன்று என்றேன்.
பதினொன்றுக்கு மீசை இருந்தது.
அவருக்கும் இருந்தது.
திங்கள்சந்தையில் கொப்பரைக் கடை ஞானாபரணத்துக்கும்
அதே பதினொன்றைக் கொடுத்தேன்.
மொத்தம் ஆறு பதினொன்று விற்றேன்.

குளச்சலில் சாளை ஏலம் முடிந்த நேரம்.
பிரகாசியம்மாள் ஈரக்கையை முந்தியில் துடைத்து
எண்தாளை மணலில் போட்டுவிட்டு
படத்தை விரித்தாள்.
அவள் பார்த்தது கடலை.
"இது எந்தக் கடலு? ஒரு மரம் இல்லியே."
சண்டை நேரம் என்றேன்.
"அதத்தான் கேக்கேன்.
துடுப்பத் தோளுல சாத்தி
துவக்கு மாதிரி நின்னது எங்க ஆளுவ.
தூரத்துல நிண்ணு பாத்தவன்
பட்டாளமுண்ணு பயந்தான்.
அவுங்க எங்க?"

வலது மூலை முழுக்கப் பீரங்கிப் புகை.
புகைக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்றேன்,
பதினொன்றை விற்ற அதே வாயால்.

தாளை வெயிலில் தூக்கிப் பிடித்தாள்.
திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள்.
பிறகு சாண்போட்டு அளந்தாள்.
"கால்வாசி புகை.
புகைக்கு உண்டான காசக் கழிச்சுட்டுத் தாரேன்."
ஒண்ணேகால் ரூபாய் எண்ணி வைத்தாள்.
ஒரு நாணயத்தில் செதில் ஒட்டியிருந்தது.
சுற்றி நின்ற பதினாலு பேரும்
அதே கணக்கைச் சொன்னார்கள்.

ராத்திரி பேரேட்டில் எழுதினேன்:
குளச்சல், படம் பதினைந்து.
கழிவு, புகை வகையில்
பதினெட்டே முக்கால்.

அடுத்த பதிப்பில் புகையைக் குறைக்க முடியுமா என்று
சிவகாசிக்குக் கேட்டெழுதினேன்.
அஞ்சலட்டையில் பதில்:
புகை என்று தனியாக ஒன்றும் அச்சடிக்கவில்லை.
அந்த இடத்தில் கல்லில் மை தடவவில்லை,
அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில்
மாதேவன் தம்பிக்கும் ஞானாபரணத்துக்கும்
பக்கத்துப் பக்கத்து இலையாம்.
பேச்சு பதினொன்று பக்கம் திரும்பியதாம்.

இரணியலில் நான் இப்போது
பஸ்ஸைவிட்டு இறங்குவதில்லை.