கிலோ முந்நூறு

கிலோ முந்நூறு என்று
அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருந்தான்.
பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
தார்ப்பாய் மேல் ஒரு குன்று.
திருப்பூரில் கழித்த துணி.
எந்த ஊர்ப் பிள்ளைக்கோ தைத்து
ஒரு கை ஒரு விரல் நீண்டுபோனதால்
கப்பலேறாமல்
சேலத்துக்கு லாரி ஏறியது.

நான் கொலுசுக்குக் கண்ணி கோக்கிறவள்.
பனங்காட்டில், வாடகை வீட்டில், ஜன்னலோரம்.
வெள்ளியை நிறுத்துத் தருவார் சந்தானம்,
நிறுத்து வாங்குவார்.
அரை கிராம் குறைந்தால்
பாயை உதறச் சொல்வார்.
தலைமுடியையும் உதறியிருக்கிறேன் ஒருநாள்.

ஆடி வருகிறது.
குகையில் வண்டி வேடிக்கை.
சிவனும் காளியும் லாரி மேல்
வாடகைத் துணியில் வருவார்கள்.
என் பிள்ளைகள் கீழே நின்று பார்க்கட்டும்
சொந்தத் துணியில்.

முழங்கை வரை விட்டுத் துழாவினோம்
ஏழெட்டுப் பேர்.
ஒரு மஞ்சள் கவுனுக்கு ரெண்டு கை.
அவள் கழுத்தைப் பிடித்திருந்தாள், நான் கீழ் மடிப்பை.
‘உங்க பாப்பாவுக்கு எத்தனை?’
‘ரெண்டரை.’
‘எங்களுக்கு நாலு.’
விட்டுவிட்டேன்.
நல்ல மனசு என்று நினைத்திருப்பாள்.
அக்குளில் கறையை நான் பார்த்துவிட்டேன்.

எடைக்கு விற்கிற இடத்தில்
ஜீன்ஸ்தான் பணக்காரன்.
ஜிப்புக்குக் காசு, இரும்புப் பொத்தானுக்குக் காசு.
லோகித்துக்கோ ஆறு பாக்கெட் டவுசர் வேண்டும்,
கோலிக்குண்டு, கிழிந்த டிக்கெட்,
செத்துப்போன பொன்வண்டு எல்லாம்
தனித்தனியாகக் குடியிருக்க.
அவன் முதுகு என் முழங்கையிலிருந்து நடுவிரல் வரை.
அது போன மாசம்.
நாலு விரல் கூட்டிக்கொண்டேன்
அடுத்த ஆடிக்கும் சேர்த்து.

கொக்கியில் மாட்டினான்.
ஒன்று எண்ணூற்று அறுபது.
‘பையை எடுத்துட்டு நிறுங்க தம்பி.’
‘பை என்னக்கா, காத்து.’
‘அறுபது கிராம்’ என்றேன்.
என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் பிரித்தான்.
சிவப்பு எண்கள் கொஞ்சம் ஆடி
நின்றன:
ஒன்று எண்ணூறு.

ஜி.ஹெச்.சில் நர்ஸம்மாவும்
அப்படித்தான் சொன்னாள்
பிரணிகாவைத் தட்டில் வைத்து.
ஒண்ணு எண்ணூறு.
பத்தொன்பது நாள் கண்ணாடிப் பெட்டி.
தினமும் காலையில் வாசலில் நின்று
எத்தனை கிராம் கூடியது என்று கேட்பேன்.
கூடியதை விரல் மடக்கி எண்ணுவேன்.
ஒருநாள் குறைந்திருந்தது.
அன்று சாப்பிட்டேனா, நினைவில்லை.

‘ஐந்நூத்தி நாப்பதுக்கா.’
துணிக்கென்று முடிந்து வைத்தது ஐந்நூறு.
‘ஒண்ணு ரெண்ட எடுத்துப் போட்டுடுங்க’
என்றான், நியாயமாகத்தான்.
கையை விட்டேன்.
பூப்போட்ட சட்டை, கட்டம் போட்ட சட்டை,
காது வைத்த தொப்பி.
ஒன்று எண்ணூறில்
எதைக் குறைக்க.
பஞ்சுமிட்டாய்க்கு ஒதுக்கிய நாற்பதை
எடுத்துக் கொடுத்துவிட்டேன்.
தராசு மேல் எனக்குச் சந்தேகம் என்று நினைத்தோ என்னவோ
ஒரு ஜோடி சாக்ஸ் உள்ளே திணித்தான்.
ஜோடி இல்லை, வீட்டில் பார்த்தேன்.
ஒன்றில் வாத்து, ஒன்றில் நட்சத்திரம்.

பஸ்ஸில் நமக்கு டிக்கெட் இல்லை.
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்,
இரு கையாலும், தேவையே இல்லாமல்.

பிரணிகாவுக்குச் சட்டை முழங்காலைத் தாண்டியது.
கழற்றவிடாமல் அதிலேயே தூங்கினாள்.
லோகித் ஒவ்வொரு பாக்கெட்டிலும்
கைவிட்டுப் பார்த்துக்கொண்டே வந்து
என் எதிரில் நின்றான்.
‘அஞ்சுதான் இருக்கு.’
ஆறாவது வெறும் மூடி,
உள்ளே தையலோடு சரி.
நான் களவாடிவிட்ட மாதிரி ஒரு பார்வை.

பழைய தலையணை உறையில்
ஒரு துண்டு வெட்டினேன்.
கண்ணி கோக்கிற வெளிச்சத்தில் உட்கார்ந்து
மூடிக்கு அடியில் பை தைக்கிறேன்.
பத்துப் பன்னிரண்டு கிராம் கூடும்.
கூடட்டும்.
இதை இனி யாரும்
நிறுக்கப் போவதில்லை.