சாட்சிக் கையொப்பம்

வார்சாவிலிருந்து வந்த கூரியர் உறை
கொழும்பில் மூன்று நாள் தூங்கி எழுந்து
ஹப்புத்தளை வந்து சேர்ந்தபோது
மணமகளின் வெள்ளை உடை
ஏழாம் இலக்க அறையின் அலுமாரியில்
ஏற்கனவே தொங்கிக்கொண்டிருந்தது.

விடுதியில் நான் கல்யாணப் பொறுப்பாளர்.
பூவுக்கு ஆள் உண்டு, கேக்குக்கு ஆள் உண்டு.
எனக்குக் கடதாசி.
பிறப்புச் சான்றிதழ் இரண்டு.
கடவுச்சீட்டு, எல்லாப் பக்கமும்,
ஒன்றும் எழுதாத பக்கம் உட்பட.
மாரெக் முன்பு ஒருமுறை மணந்தவர் என்பதால்
அது முடிந்துபோனதற்கு ஒரு தீர்ப்பு,
அதற்கு மொழிபெயர்ப்பு,
மொழிபெயர்ப்பு சரி என்பதற்கு இன்னொரு சீல்.
அந்தச் சீல்தான் மங்கல்.
பதிவாளர் ரணவீர மேடம்
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து
"இந்த ஆள் இன்னும் பாதிப் புருஷன்தான்" என்றார்.
நான் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

அடுத்தது தனியாள் என்ற சத்தியக் கடதாசி.
"நான் தனியாக இருந்தது
இவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ஹன்னா.
சீல் இருந்தால் தெரியும் என்றேன்.
சிரித்தாள். நான் சிரிக்கவில்லை;
பண்டாரவளை பஸ்ஸில் நான்கு தரம் போய்வந்திருந்தேன்,
குடையை ஃபைலுக்குப் பிடித்துக்கொண்டு.

புதன்கிழமை, பத்தேகாலுக்குப் புல்வெளியில் கல்யாணம்.
சொந்தங்களிடமிருந்து ஓடி வந்தவர்களுக்குச்
சாட்சிக்கு யார் இருப்பார்?
நானும் சாரதி மருதவீரனும்.
அவன் தன் பெயரை எழுதவில்லை, வரைந்தான்.
கடைசிச் சுழிக்கு அவன் போய்ச் சேரும்வரை
மூன்று நாட்டுக்காரரும் மூச்சைப் பிடித்து நின்றோம்.

மாலையில் போட்டோகாப்பி மெஷினில்
யாரோ மறந்துவிட்ட தாள் என்று எடுத்தால்
அது நான். பாஸ்போட் விண்ணப்பத்துக்கென்று
காலையில் வைத்த என் பிறப்புச் சான்றிதழ்.
பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா?
நல்ல கையெழுத்தில்: இல்லை.

ஐந்து லயத்துக்கும் சோறு போட்ட கல்யாணம் அது.
அப்பாவின் சட்டை இரவல், தாலி சொந்தம்.
தோட்டத்து மாரியம்மாளிடம்
சீல் இல்லை, அவ்வளவுதான்.

ரணவீர மேடத்திடம் ஒரு படிவம் கேட்டேன்.
யாருக்கு என்று கேட்காமல் கொடுத்தார்.
இரவு, அம்மா கிழங்கு உரித்துக்கொண்டிருக்க
அப்பா சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டிருக்க
எழுத ஆரம்பித்தேன். பெயரிலேயே தகராறு:
அடையாள அட்டையில் சரோஜா,
சேமலாப நிதியில் சறோசா,
தோட்டத்துச் செக்ரோலில் வெறும் சரோ.
அதைத் தாண்டி வந்தால்
விவாக நிலை என்று ஒரு கட்டம்.

"விவாகமாகாதவர்னு போடணும்மா."

கத்தி நின்றது. அப்பாவைப் பார்த்தாள்.
"போடு. அவருக்கும் அதையே போடு.
முப்பத்தாறு வருசமா
கல்யாணமாகாத ஒரு ஆம்பளைக்குச்
சோறாக்கிப் போட்டிருக்கேன், பாரேன்."
பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்,
கிழங்கு ஒன்று உருண்டு கட்டிலுக்கடியில் போனது.

அப்பா சிரிக்கவில்லை.
தண்ணீர் ஆறிவிட்டதா என்று
விரலை அசைத்துப் பார்த்தபடி
"சாட்சிக்கு அந்த வெள்ளைக்காரச் சோடியக் கேளேன்" என்றார்,
"நீ அவங்களுக்குப் போட்டதானே."

வெள்ளிக்கிழமை போயிருவாங்கப்பா.
நோட்டீசுக்கு நாள் கணக்கு இருக்கு.

"அப்ப மருதவீரன்" என்றார்.
"கொஞ்சம் நேரமாகும்.
ஆனா அழிக்க முடியாது, அவன் போட்டா."