ஆ, ஓ ஆகுமிடம்

ஹட்டனில் ஒரு பார்மசிக்கு மேல்மாடி.
செவ்வாயும் வியாழனும் எபிரேய வகுப்பு.
ஹைஃபாவில் ஒரு கிழவரைத் தூக்கி உட்காரவைக்க
எத்தனை சொல் வேண்டுமோ அத்தனை சொல்.
கட்டணம் கட்டிய தோடு
அடகுச் சீட்டாகப் பையில் இருக்கிறது.

நான் சைதாவில் ஆறு வருடம் பாத்திரம் கழுவியவள்.
அந்த அரபி இன்னும் போகவில்லை,
நகக்கண்ணில் நின்ற சோப்பு.

ஹேமசிறி சேர் பலகையில் தலை எழுதினார்: ரோஷ்.
ராஸ், என்றது என் வாய்.
இல்லை என்பதற்கு: லோ.
லா.
நாக்கு: லாஷோன்.
லிசான்.
ஷாலோம் வந்தபோது பூரணி சிரித்துவிட்டாள்.
ஒங்க சலாமுல இருந்த ஆவன்னாவ
யாரோ ஓவன்னா ஆக்கிட்டாங்க அக்கா.

யாரோ இல்லை, கானான்காரர், என்றார் சேர்.
மூவாயிரம் வருடத்துக்கும் முன்னால்
அந்தக் கரையில் வாய் கொஞ்சம் குவிந்ததாம்.

அப்போ அரபிதான் தாயா?
தாயைக் கண்டவர் இல்லை, அரபியும் ஒரு பிள்ளைதான்
என்று ஒரு லயத்தைக் கீறினார்.
கிழக்குக் கோடியில் அக்காடியன், கூரை விழுந்த காம்பிரா.
அரபிக்கு வாசல்வரை ஆட்கள்.
அரமேயத்துக்குப் பக்கத்துச் சுவர் கானானியம்,
உள்ளே சாக்குத் தடுப்பு கட்டி
பினீசியம், மோவாப், அம்மோன், ஏதோம், எபிரேயம்.
மோவாபின் கதவில் பூட்டு,
உள்ளே எழுத்து வெட்டிய ஒரு கல்.
எபிரேயத்தில் அடுப்பு அணைந்து
சாமி விளக்கு மட்டும் எரிந்த காலம் நீளம்.
பிறகு ஆள் வந்து குடியேறி
மறுபடி புகை.

சைதா பினீசியர் ஊராம்.
ஆறு வருடம்
அவர்கள் காம்பிராவுக்கு மேலேதான்
தரை துடைத்திருக்கிறேன். ஒருவரும் சொல்லவில்லை.

சுவர் மெலிசுதான், என்றாலும் காது பிசகும்.
மதாம் லஹ்ம் என்றால் இறைச்சி.
இங்கே லெஹெம் ரொட்டி.
கிழவர் ரொட்டி கேட்டால்
ஆட்டைத் தேடிப் போய்விடாதே என்று
என் கொப்பியிலேயே எழுதிவைத்தாள் பூரணி.

கண்: அயின்.
அடித்தொண்டையில் எடுத்தேன், சைதாவில் எடுப்பதுபோல.
அது வேண்டாம், டெல் அவிவில் அநேகம் பேர்
அந்தச் சத்தத்தை விட்டுவிட்டார்கள்.
ஊற்றுக்கும் இதே சொல், எழுதிக்கொள்ளுங்கள்.
அரபியிலும் அப்படியே.
நான் எழுதவில்லை.

கடைசி பஸ். மழை விட்டிருந்தது.
பீலியில் கால் கழுவப் போனால்
பீலி காய்ந்து கிடக்கிறது,
மேட்டிலிருந்து பழனியாண்டியின் குரல்:
ஊத்துக்கண்ணு அடைச்சிருச்சி,
மம்பட்டியக் கொண்டாங்கடா!

கண்.
அவர்கள் லயத்தோடு ஒரு செங்கல்கூடப் பொதுவில் இல்லாத
இந்தக் காம்பிராவிலும்.

சேருக்குக் கேட்காத தூரம்.
தொண்டை அடியிலிருந்து
ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.