வியாழன், பத்தரை மணி

வியாழக்கிழமை பத்தரைக்கு
வேர்ச்சிகிச்சை வைத்துக்கொள்வதில்லை நான்.
சுத்தம் செய்வது, அச்செடுப்பது,
தேதி சொல்லி அனுப்புவது, அவ்வளவுதான்.
என் கூரைதான் அவர்களுக்குத் தரை.

மெர்செதெஸ் ஊரில், ஆற்றுக்கு இரண்டு தெரு தள்ளி,
கீழே என் பல் மருத்துவமனை.
மேலே நகராட்சி நூலகத்தின் குழந்தைகள் அறை.
நடுவில் நூறு வருஷத்துப் பலகையும்
விரல் கனத்தில் சுண்ணாம்புப் பூச்சும்.

மூன்று வருஷமாய் ஒரு புத்தகத்தை
அண்ணாந்து படித்துக்கொண்டிருக்கிறேன்,
ஒரு படமும் பார்க்காமல்.

முதல் பக்கம் உருளும்.
கிழக்குச் சுவரில் கிளம்பி மேற்குச் சுவரில் மோதும்.
ஓட்டுக்குள் சுருண்டுகொண்ட அர்மடில்லோ
என்று முடிவு செய்திருந்தேன்.

அடுத்ததில் ஒன்றுமே கேட்காது.
ஒற்றைக்காலில் கொக்கு நிற்கிறது என்று
அந்த மௌனத்தை வைத்தே கண்டுபிடித்தேன்.
மௌனம் ஐந்து எண்ணும்வரை தாங்கும்.
ஆறில் ஒருவன் விழுவான்.
பிறகு எல்லோரும் அவனுக்குத் துணையாக விழுவார்கள்.

அப்புறம் நேலிதா செருப்பைக் கழற்றுவாள்.
குதிகால் சத்தம் நின்றுபோவதுதான் அடையாளம்,
தவளைகள் வரப்போகின்றன.
அப்பப்பா, என்ன தவளைகள்!
விளக்கின் கழுத்து ஆடும்,
கொப்பளிக்கும் தண்ணீரில் வட்டம் விரியும்,
பஞ்சுருண்டைகளுக்குப் பக்கத்தில்
சுண்ணாம்பு பொடிப்பொடியாய் உதிரும்.

போன வியாழன், லாரி ஓட்டும் பால்தாசார்
அவசரமென்று வந்துவிட்டார், கன்னம் வீங்கி.
ஆறடி ஆள். ஊசியைக் கண்டதும்
நாற்காலியின் கையை நொறுக்கப் பார்த்தார்.
மேலே தவளைப் பக்கம்.
நாற்காலியின் கடைசியில்
அவருடைய பூட்ஸ் ஒன்று
தப்... தப்தப்... என்றது.
வாய் நிறையப் பஞ்சு, மன்னிப்புக் கேட்க வழியில்லை.
"தலை மட்டும் ஆடக்கூடாது" என்றேன்.
"கால் உங்கள் இஷ்டம்."
பல் வெளியே வந்தது அவருக்குத் தெரியவில்லை.

ஆனால் அன்று கொஞ்சம் பெரிய துண்டே விழுந்தது,
நேராக என் மாத்தே பானத்துக்குள்.
புகார் சொல்லத்தான் ஏறினேன்.
இருபத்திரண்டு படி,
மேலங்கியோடு, முகக்கவசத்தோடு.

கதவிடுக்கில் முதலில் தெரிந்தது புத்தகம்.
கதவளவு இருக்குமென்று நினைத்திருந்தேன்.
கருவிகள் வைக்கும் என் தட்டைவிடச் சின்னது,
முதுகில் ஒட்டுநாடா.
உருண்டது பூசணிக்காய்.
தவளை இல்லவே இல்லை, மழை.
பக்கம் முழுக்கச் சாய்ந்து விழும் நீலக் கோடுகள்,
அடியில் ஒரே ஒரு வரி:
நீ எப்படி விழுவாய்?
கொக்கு மட்டும் சரி.
அந்தப் பெருமை இன்னும் இருக்கிறது எனக்கு.

பதினோரு பேர் பெய்துகொண்டிருந்தார்கள்.
வெறுங்காலோடு நேலிதா இடி.
பன்னிரண்டாவதாக ஒருத்தி,
என் கணக்கில் ஒருநாளும் வராதவள்,
மல்லாந்து படுத்திருந்தாள்.
இரண்டு காலும் மேலே.
ஒன்றில் மஞ்சள் காலுறை, மற்றதைக் காணோம்.
தன் கூரையின்மேல் ஆடிக்கொண்டிருந்தாள்,
எட்டாமலேயே, மிக மெல்ல,
அங்கே யார் குடியிருந்தாலும்
அவர்கள் விளக்கு அசையாதபடி.

"மழை கீழேதானே விழும், இஸோலினா?"
என்று ஒரு பையன் நின்று கேட்டான்.
"நான் குளம்" என்றாள்.

முகக்கவசத்தைக்கூடக் கழற்றாமல்
இறங்கி வந்துவிட்டேன்.

சாயங்காலம் கடைசி நோயாளி போனபின்
அந்த நாற்காலியில் நானே சாய்ந்தேன்,
பத்தொன்பது வருஷத்தில் முதல்முறை.
இங்கிருந்து பார்த்தால் என் கூரையில்
எத்தனை விரிசல்!
கிழக்கிலிருந்து மேற்காய் ஒன்று, பூசணி போன வழி.
ஷூவைக் கழற்றினேன்.
கால்களைத் தூக்கினேன், விளக்கில் படாமல்,
மேலே ஈரமில்லாத மழை நின்றிருந்த
அதே இடத்துக்கு நேராக.

பல்செட் கொண்டுவரும் ரமீரோ
கதவைத் தட்டாமல் உள்ளே வருகிறவன்.
பெட்டியை மேசையில் வைத்தான். பார்த்தான்.
"முதுகுவலியா, டாக்டர்?"
ஆமாம் என்றேன்.
பொய்தான்.
கால்களை இறக்கவில்லை.