கதவு றப்பர்

உப்புவெளியில் வீடு. காற்றுக்கும் அதே பெயர்தான்.
பிரிஜ்ஜின் முதுகைத் துடைக்கத் துடைக்க
பழுப்பாய் வந்தது துணி.

"கொம்பிறசருக்கு ஒண்டுமில்லை அக்கா,"
என்றான் சஜீன்.
என்னிடமே இருபது ரூபாய்த் தாள் வாங்கிக்
கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்தான்.
கேட்காமலே வந்தது தாள்.
"இதாலதான் குளிர் போகுது."

அந்த மொடல் இப்போது இல்லையாம்.
மடத்தடியில் இரண்டு கடை,
கொழும்பில் அவனுடைய மச்சான்,
பதினொரு நாள் பழைய சோறில்லாத வீடு.
இரவு ரயிலில் வந்த றப்பர்
நாலாய் மடிந்து,
மடிந்த இடமெல்லாம் கூன்.
"சுடுதண்ணியில ஊறினால் நிமிரும்."
காஸ் முடிந்து மூன்று நாள்.

ஆட்டோ பிடித்துக் கன்னியாவுக்குப் போனோம்.
ஏழு கிணற்றிலும் தொட்டுப் பார்த்து
சூடு கூடியதில் அள்ளி
வாளிக்குள் றப்பரை அமிழ்த்தினேன்.
முப்பத்தொன்று முடித்து முழுக வந்தவர்,
மொட்டைத் தலையில் நீர் வடிய,
"ஆருக்கு?" என்றார்.
"பிரிஜ்ஜுக்கு."
சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வாயைப் பொத்தினார்.
பிறகு
தன் வாளியாலும் ஒரு தடவை ஊற்றினார்.

இரவு சஜீன் கூலியை எண்ணினான்.
"இருபது குறையுது அக்கா."
கதவைக் காட்டினேன்.
இழுத்துப் பார்த்தான்.
வரவில்லை.